இடது தாடைக்குக் கீழே

முதலில் பார்த்தது நானில்லை, ரௌனோ.
டிப்போ கேன்டீனில் கஞ்சிக் கிண்ணத்தோடு
எதிரே உட்கார்ந்தவர்
கரண்டியை அந்தரத்தில் நிறுத்தினார்.
என் இடது தாடைக்குக் கீழே
காலர் தொடங்கும் இடத்தில்
ஒரு யூரோ காசு அகலத்துக்குச் சிவப்பு.

விவாகரத்தாகி ஏழு வருடம்.
மேசையைச் சுற்றிச் சிரிப்பு ஒன்று
உப்புக் குப்பியைப் போலக் கைமாறியது.
"துய்ரே..." என்று இழுத்தாள் ஒருத்தி.
நான் மறுக்கவில்லை.
வயலின் என்று சொன்னால்
வாசித்துக் காட்டு என்பார்கள்.

காட்டுவதற்கு என்னிடம் இருப்பது
நாலு வெறும் தந்தி,
ஒன்றரை விரல்,
மற்றபடி வலி.

இதைப் பற்றி யாரும் முன்னால் சொல்லவில்லை.
கடையில் சொன்னதெல்லாம்
மரம், வார்னிஷ், மாதத் தவணை.
தோள் தானாகக் காதுக்கு ஏறிக்கொள்கிறது,
போனை இடுக்கிக்கொண்டு பேசுகிறவள்போல.
எதிர்முனையில் யாரும் எடுப்பதாயில்லை.
ரை ரொட்டியைக் கடித்தால்
தாடை மூட்டு டக்கென்கிறது.
வில்லை முழுக்க இழு என்றார்கள்.
முழுக்க இழுத்தேன்.
விளக்கு.

கட்டைவிரல்தான் மோசம்.
வயலினின் கழுத்தை நெரிக்கிறது.
"பிடிக்காதீங்க, சும்மா தாங்குங்க" என்கிறான் ஏலிஸ்,
செவ்வாய் மாலை வகுப்பில்.
அவன் பிறப்பதற்கு முன்பே
ஸ்டீரிங் பிடித்தவள் நான்.
ஔலு பாலத்தின் மேல், கண்ணாடிப் பனியில்,
பதினெட்டு டன் வழுக்கும்போது
சும்மா தாங்கினால் என்ன ஆகும் என்று
இந்தக் கைக்குத் தெரியும்.
கையிடம் அதை எப்படி மறக்கச் சொல்வது?

விரல் நுனிகளில் தந்தி உழுத கோடு.
ஒரு திங்கள் விடியலில்
போன் திறக்க மறுத்தது.
மறுபடி வை என்றது. வைத்தேன்.
யார் நீ என்பதுபோல் அதிர்ந்தது.
நான் வேறு யாரோ ஆகிக்கொண்டிருப்பது
அதற்கு முதலில் தெரிந்துவிட்டது
என்று எழுத ஆசைதான்.
நடந்தது: கடவு எண் மறந்துபோய்
நாலு நிமிடம் தாமதமாகக் கிளம்பினேன்.
நிறுத்தத்தில் ஒருவர் கடிகாரத்தைக் காட்டினார்.

பிப்ரவரி. மைனஸ் இருபத்தாறு.
கோட்டைக்கூடக் கழற்றாமல் பெட்டியைத் திறந்தேன்.
ஹீட்டர் காற்றில் வறண்ட பிருடைகள்
ஒவ்வொன்றாய் வழுக்கி விட்டிருந்தன,
தந்திகள் வேகவைத்த நூடுல்ஸாய்க் கிடந்தன.
முறுக்கினேன்.
இன்னும் கொஞ்சம்.
இன்னும் கொஞ்சம் என்பதில்தான் மெல்லிய தந்தி
அறுந்து என் கன்னத்தில் அறைந்தது.
என்னை யாரும் அறைந்ததில்லை இதுவரை.
குளியலறைக் கண்ணாடிக்கு ஓடியபோது
மடியிலிருந்த ரோசின் கட்டி தரையில் விழுந்து
தேன்நிறத் தூளானது.
இன்றுவரை காலுறைகள்
அதைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கின்றன.

சுகாதார நிலையத்துப் பெண்
கழுத்தை விளக்கில் திருப்பிப் பார்த்தாள்.
நிக்கல் ஒவ்வாமை.
தாடைப் பலகையின் கவ்வியிலிருந்து.
பருத்தித் துணி போட்டுக்கொள்ளுங்கள்,
தினமும் துவையுங்கள்.
வேறு கேள்வி எதுவும் கேட்கவில்லை.
எனக்குச் சற்று ஏமாற்றம்.

பழைய தலையணை உறையை வெட்டினேன்.
ஒரு மாதத்தில் சிவப்பு
தேநீர்க் கறையாக வெளுத்தது.
கேன்டீனில் ரௌனோ பக்கத்தில் வந்து உட்கார்ந்து
குரலைத் தாழ்த்தினார்:
"முடிஞ்சு போச்சா?"
அக்கறையான மனிதர். தன் பன்னில் பாதியை
என் தட்டில் வைத்துவிட்டுத்தான் கேட்டார்.
"இல்லை" என்றேன்.
"நடுவில் ஒரு துணி வைத்துக்கொண்டோம்."
அவர் முகத்தில் பரவிய சிவப்பு
எந்தக் காசுக்குள்ளும் அடங்காது.

அன்று இரவு
மூன்றாம் விரல் எப்படியோ
சரியான இடத்தில் விழுந்தது.
நான் தொடாத தந்தி ஒன்று
பக்கத்தில் தானாக நடுங்கிப் பாடியது.
பயந்துபோய் நிறுத்தினேன்.
துணியை எடுத்து, விளக்கடியில் திருப்பி,
இப்போது என்ன கழன்றது என்று தேடினேன்.